சாலா அவசரம்

பேத்தி பத்தாவது முடித்ததும் எங்கள் புத்தூர் வீட்டில் பதினோரு நாள் ஒரே பேச்சு: இன்டரில், அதுதான் பதினொன்றாம் வகுப்பில், எந்த குரூப்? என் மகனுக்கு எம்.பி.சி., அதாவது கணக்கும் இயற்பியலும் வேதியியலும், அதற்கப்புறம் இன்ஜினியரிங். பேத்திக்குத் தோட்டக்கலை. லீவில் பங்காருபாளையத்து அத்தை வீட்டு மாந்தோப்பில் பதினான்கு கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டினாள். ஒன்பது துளிர்த்தன. மற்ற ஐந்தும் ஏன் காய்ந்தன என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்ததற்கு அவள் அப்படி எதுவும் எழுதியதில்லை.

கடைசியில் விண்ணப்பத்தின் முதல் வரியில் மகன் எம்.பி.சி. என்று எழுதினான். இரண்டாவது வரியை மட்டும் அவளுக்கு விட்டான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை; திருப்பதி காலேஜுக்கு அவளை அழைத்துப் போகும் வேலை எனக்கு வந்தது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபத்தாறு பேர். மின்விசிறி நான்கு, சுற்றியது ஒன்று. ஒரு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டாக வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தாத்தா, நீ பாக்கறதால ஜனங்க வேகமா நகர மாட்டாங்க" என்றாள் பேத்தி.

எங்கள் முறை வந்தபோது பன்னிரண்டே கால். ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் இரண்டாவது வரியில் விரலை வைத்து, "ஒக்க சீட்டே உந்தி. இதி அவசரமா?" என்றார். ஒரே ஒரு சீட்தான், இது தேவையா என்று கேட்கிறார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் பதற்றம் வந்தால் என் காது தமிழுக்கு மாறிவிடும்.

"சாலா அவசரம்மா!" என்றேன். சாலா என்றால் ரொம்ப. முத்திரை விழுந்தது.

வெளியே வந்து ரசீதைப் படித்தேன். தோட்டக்கலை.

"நீ ஏன் வாயே தெறக்கல?"

"பெரியவங்க பேசசொல்ல நடுவுல பேசாதன்னு நீதான தாத்தா சொல்லிக்கினே இருப்ப?"

குரூப்பை மாற்ற நாலு மணி வரை நேரம் உண்டு என்று ரசீதிலேயே இருந்தது. எம்.பி.சி.யில் இடமும் நிறைய இருந்தது. திரும்பி வரிசையை எண்ணினேன்: முப்பத்தொன்று. பேத்தி ரசீதை என் கையிலிருந்து வாங்கி, மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் மகன் போன் செய்தான்.

"இன்னா நைனா, எம்.பி.சி. போட்டாச்சா?"

"தோட்டக்கலை போட்டாச்சு."

"யார் சொன்னது?"

"நான்தான். அவசரமான்னு கேட்டாங்க. சாலா அவசரம்னு சொன்னேன்."

மகன் குபீரென்று சிரித்துவிட்டான்.

"அத எந்த பாஷையில சொன்ன நைனா?"

பேத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெலுங்குலதான்" என்றேன்.