குளித்து வந்த சட்டை

சினிமாவுக்கும் நாடகத்துக்கும் உடுப்பு வடிவமைத்துப் பேர் வாங்கிய அந்தப் பெண்ணை வீட்டில் எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். தவழுகிற வயதில் பெரியப்பாவின் தையல் கடைத் தரையில் கிடந்த பொத்தானை எடுத்து விழுங்கிவிட்டாள். அது வெளியே வருகிறவரை குடும்பமே காவல் இருந்தது. வந்ததைக் கழுவி யாரோ ஒரு வாடிக்கைக்காரர் சட்டையிலேயே தன் அண்ணன் தைத்துவிட்டார் என்று அவள் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா அதை மறுத்ததே இல்லை.

அந்தக் கடைக்கு ஒரு நாடகக் குழுவின் கிழிந்த அங்கிகள் வந்தன. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்த பொத்தான் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். மூலையில் குனிந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மனுஷன், அங்கியை மாட்டியதும் நிமிர்ந்து, குரல் மாறி, கூட்டத்தையே அதட்டினார். இவளுக்கு வாய் மூடவில்லை. மறு வாரமே குழுவில் சேர்ந்துகொண்டாள். அங்கே விளக்குப் போடுகிறவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். பிறகு இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனார்கள். அவருக்கு அங்கேயும் விளக்குதான். இவள் பெரிய வடிவமைப்பாளர் ஒருவரிடம் உதவியாளராகப் பல வருஷம் இருந்தாள். வாயில் எந்நேரமும் குண்டூசியைக் கவ்விக்கொண்டே அலைந்ததால் இவளை ஊமை என்று நினைத்தவர்களும் உண்டு.

கடைசியில் தனியாக ஒரு படம் கிடைத்தது. காணாமல் போன தம்பியைத் தேடிக் கல்குவாரி, காடு என்று நடக்கிற ஒருவனின் கதை. படம் முழுக்க அவனுக்கு ஒரே சட்டை. படப்பிடிப்போ முன்னும் பின்னுமாக நடக்கும்; முடிவை முதலில் எடுத்துவிட்டார்கள். அதனால் எந்தக் காட்சிக்கு எவ்வளவு அழுக்கு, எங்கே கிழிசல் என்று கணக்காக இருக்க வேண்டும். டைரக்டர் பொல்லாதவர். முந்தின படத்தில் செருப்பு மாறிப்போனதற்கே ஒருவரை வீட்டுக்கு அனுப்பியவர்.

பொத்தான் ஒரே மாதிரி இரண்டு சட்டை வைத்திருந்தாள். ஒன்று தீப்பிடிக்கிற காட்சியில் எரிந்துபோயிற்று. மற்றதன் கிழிசல் மேலும் ஓடாதிருக்க உள்பக்கம் ஒரு தையல் போடலாமென்று வீட்டுக்கு எடுத்து வந்து, களைப்பில் பையோடு வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.

வீட்டில் இருந்தது கணவனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தம்பி தன்னிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டது அவளுக்கு ஆறாத கோபம். பொத்தான் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டாலும் அவளிடம் நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, பால் பொங்குது" என்பாள், அடுப்புக்குப் பக்கத்தில் பொண்டாட்டியே நிற்கும்போது.

காலையில் பொத்தான் எழுந்து வந்தால், பால்கனிக் கொடியில் அந்தச் சட்டை தொங்குகிறது. பளிச்சென்று.

"யாரு இதைத் துவைச்சது?"

பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் கண்ணாலேயே சமையலறையைக் காட்டினான். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான். அந்தக் கோலத்துல கொண்டுபோய்க் குடுத்தா உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? கிழிசலையும் தைச்சிருக்கேன். ஒரு பட்டன் இல்ல, அதையும் வச்சுட்டேன்."

பொத்தானுக்குக் கோபம் தொண்டைவரை வந்துவிட்டது. மத்தியானம் படப்பிடிப்பு. வேலை போனது போனதுதான். ஆனாலும் 'உன்னை' என்கிறாளே, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. சின்ன வயதில் பொத்தானை விழுங்கியவள் அன்றைக்கு அதைவிடப் பெரியதை விழுங்கினாள்.

"அண்ணி, அது அழுக்கு இல்ல. அந்தக் கறையெல்லாம் நான் உக்காந்து செஞ்சது."

"அழுக்கைச் செஞ்சியா?"

"ஆமா. அதுக்குத்தான் சம்பளம்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் நுரையைத் துப்பிவிட்டு, "அக்கா, ஆயுசு பூரா நீ எதிர்க்கட்சியில இருந்திருக்க" என்றான்.

"நீ வாயைக் கழுவு முதல்ல."

பொத்தான் பையிலிருந்த போட்டோக்களைப் பரப்பினாள். எல்லாமே முன்பக்கம். அன்றைக்கு எடுக்க வேண்டியதோ அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிற காட்சி.

"முதுகுல எது எங்க இருந்துச்சுன்னு எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு அண்ணி."

"எனக்கு இருக்கே. ஒவ்வொண்ணா மல்லுக்கட்டினவளாச்சே." அண்ணி எழுந்து சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தாள். "இடது தோள்ல மசகு. எலுமிச்சம்பழத்துக்கும் அசையல, மண்ணெண்ணெய் வச்சுத் துடைச்சேன். இடுப்புக்கு மேல செம்மண், கை அகலத்துக்கு. நடுவுல டீ."

"அது ரத்தம் அண்ணி."

"ஆஸ்பத்திரியில நான் பார்க்காத ரத்தமா? டீ."

"டீதான். சினிமாவுல அது ரத்தம்."

"அதான் வெந்நீருக்கே ஓடிருச்சு. நிஜ ரத்தமா இருந்தா வெந்நீருக்கு இறுகி உக்காந்துக்கும், தெரியுமா?"

பால்கனியில் பழைய பேப்பரை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மசகுக்கு சைக்கிள் சங்கிலி. டீத்தூளைக் கெட்டியாகக் கொதிக்கவிட்டார்கள். செம்மண்ணுக்குச் செங்கல்லை உடைத்துக் குழைத்தார்கள். விளிம்பைக் கல்லில் தேய்த்துப் பிசிராக்கினாள் பொத்தான். இன்னும் கீழே, இன்னும் கொஞ்சம் பெரிசா என்று அண்ணி விரலை வைத்துக் காட்டினாள். காலருக்கு வேர்வை வேண்டுமென்று கணவனிடம் சட்டையை மாட்டிவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். "விளக்குப் போடறவனுக்கு இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று முனகிக்கொண்டே ஓடினான்.

கடைசியில் கிழிசல் வந்தது. அண்ணி அதை இழைக்கு இழை எடுத்துத் தைத்திருந்தாள், எங்கே கிழிந்ததென்றே தெரியவில்லை. பொத்தான் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"பிரிச்சுத்தானே ஆகணும்? பிரி. நான் பார்க்கல." அண்ணி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

படப்பிடிப்பில் டைரக்டர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து முதுகுப்பக்கம் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதே சட்டைதானா இது?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அதேதான் சார். நடுவுல ஒரு தடவை குளிச்சிருச்சு."

நடந்ததைச் சொன்னாள். அவர் சட்டையைத் திருப்பி, முன்பக்கத்தைப் போட்டோவோடு வைத்துப் பார்த்தார்.

"இந்த இடத்துல பட்டன் கிடையாதே?"

அதை மட்டும் மறந்திருந்தார்கள். கத்தரிக்கோல் தேடவெல்லாம் நேரமில்லை. சட்டையை வாங்கிப் பல்லாலேயே கடித்து எடுத்தாள்.

விளக்கு ஏணியின் உச்சியிலிருந்து கணவன் குரல் கொடுத்தான்: "விழுங்கிடாத!"

எல்லோருக்கும் சிரிப்பு. டைரக்டருக்கும் வந்துவிட்டது. "மறுபடியும் குளிக்காம பாத்துக்கங்க" என்று சட்டையை நடிகரிடம் கொடுக்கச் சொன்னார்.

வேலை போகவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ படம், எத்தனையோ நாடகம். போருக்குப் போனவன் கோட்டு, சுரங்கத்தில் வேலை செய்கிறவன் கால்சட்டை, எதுவானாலும் புதிதாகத் தைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுப்பாள். அண்ணி முகத்தைச் சுளித்துக்கொண்டே அழுக்காக்கித் தருவாள். முடிந்த கையோடு வீட்டிலிருக்கிற மற்ற துணியையெல்லாம் ஊறவைத்துவிடுவாள், சுத்தமாக இருப்பவற்றையும் சேர்த்து.

அந்த முதல் படம் வந்தபோது மூன்று பேரும் தியேட்டருக்குப் போனார்கள். நாயகன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். முன் வரிசையிலும் பின் வரிசையிலும் விசும்பல் கேட்டது. அண்ணி பக்கத்துச் சீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத அம்மாவின் முழங்கையைத் தட்டினாள்.

"அந்த முதுகு இருக்கே, அது நாங்க செஞ்சது."