மாப்பிள்ளைக்கு ஒரு லத்தீன் சொல்

அத்தை காம்பார் நகரப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் மனிதர்களாக இல்லை. செடிகளையும் காளான்களையும் வருணிக்கும் லத்தீன் சொற்களை அவள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் யார் தலையிலாவது கட்டிவிட்டாள். கையெல்லாம் முடி அடர்ந்த அப்பா, ஹிர்சூட்டஸ். வழுக்கைப் பெரியப்பா, முடியே இல்லாத கிளாபர். ஓயாமல் மூக்கு ஒழுகிய நான், விஸ்கிடஸ். மழையில் நனைந்த காளானைப் போலப் பிசுபிசுப்பானது என்று பொருள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

தைப்பூசம் முடிந்த கையோடு அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. அனுப்பியிருந்த படத்தில் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும்தான் தெரிந்தன. தேநீர்த் தட்டோடு கூடத்துக்குப் போய்விட்டால் பாதிச் சம்மதம் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதனால் அத்தை என்னிடம் ஒரு திட்டம் சொன்னாள். நான் போய்ப் பார்த்துவிட்டு, பெரியவர்களுக்குப் புரியாதபடி லத்தீனில் ஒரு சொல் வந்து சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

போனேன். பார்த்தேன். பொருத்தமான சொல் கிடைத்த சந்தோஷத்தில் அடுக்களைக்குத் திரும்ப மறந்து அங்கேயே கத்தினேன். "அத்தே, கிளாபர்!"

"பிள்ளை என்னமோ சொல்லுதே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கேட்டால் சொல்ல வேண்டாமா? "மொட்டைன்னு அர்த்தம். எங்க பெரியப்பா மாதிரி."

பெரியப்பாவுக்கு இருமல் வந்தது. அப்பா என்னை முறைத்த முறைப்பில் என் மூக்கு ஒழுகுவதே நின்றுவிட்டது. மாப்பிள்ளை மட்டும் தலையைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்காவுக்குப் பிரசவம் நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கிட்டேன் பாப்பா. தைப்பூசத்துல முடி எறக்கிட்டேன். மறுபடி வளந்துரும் லா!"

பெண் பார்க்கும் வீட்டில் அடுக்களைக்குள்ளிருந்து பெண்ணின் குரல் வெளியே கேட்பது கிடையாது. அன்று கேட்டது.

"அப்ப கிளாபர் இல்ல. டெசிடுவஸ்."

"அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துக் கேட்டார் மாப்பிள்ளை.

"பின்னால நிக்குற ரப்பர் மரம் மாதிரி. இப்பக் கொட்டும், அப்புறம் துளுத்துரும்."

சொல்லி முடிப்பதற்குள் தட்டோடு வந்து நின்றாள் அத்தை. குனிய வேண்டிய தலை நிமிர்ந்தே இருந்தது. இருமிக்கொண்டிருந்த பெரியப்பாகூடச் சிரித்துவிட்டார். வீடே கலகலத்தது.

நான் மட்டும் மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் என் விடை தப்பு என்று சொல்லிவிட்டாளே! அது போகட்டும். ஒரு சொல்லைத் திருத்தியதற்கு அவள் முகம் ஏன் அப்படிச் சிவக்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.