மேஜையில் திறந்த பாட்டில்

கொரோனா அலையெல்லாம் ஓய்ந்திருந்த சமயம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். எனக்கு ஏழாம் மாதம். அந்த வாரத்தோடு லீவு போட்டுவிட்டு, பிரசவத்துக்காகச் சென்னிமலையில் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது.

என்னோடு வேலை பார்த்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மதுக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவார். சர்க்கரை வியாதி உண்டு. மத்தியானம் மாத்திரை போட நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

அன்று காலை ஒரு பாட்டிலுக்குள் வெள்ளையாக, பஞ்சு மாதிரி பூஞ்சை வளர்ந்திருந்தது. நாக்கில் ஆறாத புண்ணோடு வந்த ஒரு விவசாயியின் சதைத் துணுக்கை அதில் போட்டுச் சில வாரமாக வைத்திருந்தோம். புற்றுநோயோ என்று அவர் குடும்பமே கலங்கிக் கிடந்தது.

பூஞ்சை பாட்டிலைத் திறக்க ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வடிகட்டிவிடும். கேபினட் என்போம். அதன் மோட்டார் பழுதாகி, மெக்கானிக் வருவார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வார்டிலிருந்து ரிசல்ட் கேட்டு போன் மேல் போன்.

நான்தான் முதலில் பாட்டிலை எடுத்தேன். பூஞ்சைக்கு விடும் நீலச் சாயத்தில் ஃபீனால் நெடி அடிக்கும். சாயக் குப்பியைத் திறந்ததுமே குமட்டிக்கொண்டு வந்தது.

"குடு கண்ணு. வயித்துல புள்ளைய வெச்சுட்டு இந்த நாத்தத்துல நிக்காத. வெளிய போயி காத்தாட உக்காரு, நான் பாத்துப்போடறேன்" என்று வாங்கிக்கொண்டு, அக்கா கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்லைடோடு வெளி அறைக்கு வந்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உருண்டை உருண்டையாக, சுற்றிலும் முள் வைத்த மாதிரி. "எத்தன அழகா இருக்குது பாரு" என்றார் அக்கா. எங்கள் டாக்டர் மேடம் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

"இந்த பாட்டில எங்க வெச்சுத் தொறந்தீங்க?"

"டேபிள்லதானுங்க மேடம்."

அது ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை. நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. ஆனால் பாட்டிலில் வளர்ந்து நிற்கும்போது திறந்தால், கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறந்து மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும். அக்கா போட்டிருந்தது சாதாரணத் துணி மாஸ்க்.

அறையைப் பூட்டி மருந்து போட்டுத் துடைத்தார்கள். பாட்டிலை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொப்பரையில் வேகவைத்து அழித்தார்கள். கேபினட் அந்த வாரமே ஓட ஆரம்பித்தது. "காய்ச்சல் வந்தா அன்னிக்கே என்கிட்ட சொல்லணும்" என்று மேடம் அக்காவிடம் சொன்னார். அந்த விவசாயிக்குப் புற்றுநோய் இல்லை என்று ஆனது. மாத்திரையில் புண் ஆறி வந்தது.

அக்காவுக்கு இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது. சொன்னால் பிரச்சினையாகி வேலை போய்விடுமோ என்று பயந்து, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். காய்ச்சல் விட்டது. அப்புறம் இருமல், உடம்பு இளைப்பு. பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து, டிபி என்று மருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. மகள் பிறந்து மூன்றாம் மாதம் அக்காவுக்கு போன் பண்ணினேன். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் இருமினார்.

"அக்கா, அந்த பாட்டிலு..."

"நானும் அதையேதான் நெனைக்கறேன் கண்ணு" என்றார்.

மேடத்திடம் நானே சொன்னேன். மறுநாளே அட்மிட் செய்து சரியான ஊசி போட்டார்கள். அதற்குள் பூஞ்சை உடம்பு முழுக்கப் பரவியிருந்தது.

குழந்தையோடு பார்க்கப் போனேன். கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தார். பக்கத்தில் அவர் கணவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மகளை அக்காவிடம் நீட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம். தள்ளி வெச்சுக்க."

"அக்கா, இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுது கண்ணு. எல்லாந் தெரிஞ்சவதான அந்த பாட்டிலையும் டேபிள்ல வெச்சுத் தொறந்தேன்."

அவர் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா கடைசிவரை குழந்தையைத் தொடவில்லை. அடுத்த வாரம் இறந்துபோனார்.

இப்போது வேறொரு ஆய்வகத்துக்கு நான் பொறுப்பு. கேபினட் ஓடவில்லை என்றால் எந்த பாட்டிலையும் யாரும் திறக்கக் கூடாது. ரிசல்ட் கேட்டுக் கத்துகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ரொம்பக் கண்டிப்பு என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதும் காதில் விழத்தான் செய்கிறது. பேசட்டும். அன்றைக்கு நான் எச்சரிக்கையாக இருந்து தப்பிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்திக்கு என்மேல் பிரியம் இருந்தது, அவ்வளவுதான். நானும் என் மகளும் இன்று மூச்சு விடுவதற்கு அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.