மூக்குத்தி நண்டுக்கு ஒரு சாட்சி

1. பக்கம் காணாமல் போன செவ்வாய்

சுன்னாகத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். நாளும் கிழமையும் குறிக்காமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. கீழே வருவது வேலையில் என் கடைசி வருடக் குறிப்பேட்டில் உள்ளது. இணையத்தில் கடை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மயிலிட்டியிலிருந்து தர்ஷினி மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்.

"அன்ரி, எங்கடை பேஜைக் காணேல்லை."

தர்ஷினி வீட்டில் நண்டுக்கறித் தூள் செய்து விற்பவள். கணவன் கபிலன் கடலுக்குப் போகிறவன். தூள் பைக்கற்றின் முகப்பில் மூக்குத்தி போட்ட ஒரு நண்டு இருக்கும். அவள் கையால் வரைந்த படம். பெயரும் 'மூக்குத்தி நண்டு'தான். ஓடர்கள் எல்லாம் அந்த இணையப் பக்கத்தில்தான் வரும். ஆவணித் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆனியிலேயே சொல்லிவைத்து, திரும்பிப் போகும்போது பை பையாகக் கொண்டு போவார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கம் மூடப்பட்டிருந்தது.

முதல் நாள் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அந்த நண்டு தங்களுடையது என்று வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் முறையிட்டிருக்கிறார். அவருக்கு முன்னரே நீங்கள் பயன்படுத்தியதற்கு ஏழு நாளுக்குள் ஆதாரம் தராவிட்டால் பக்கம் நிரந்தரமாக நீக்கப்படும் என்றிருந்தது. அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே நண்டு. மூக்குத்தியும் அதே இடத்தில்.

"எங்களைப் பாத்து வரைஞ்சுபோட்டு எங்களையே கள்ளர் எண்டு சொல்லுறாங்கள், அன்ரி."

"ட்ரேட் மார்க் பதிஞ்சனீங்களோ?"

"பதிவம், பதிவம் எண்டு இருந்திட்டம்."

"பில் ஏதும்?"

"முதல் வருஷம் முழுக்கச் சொந்தக்காரற்றை சூட்கேசிலை போன தூள். சொந்தக்காரருக்கு ஆர் பில் எழுதுறது?"

சிக்கல் அங்கேதான் இருந்தது. அந்த விற்பனையாளரின் பக்கம் தர்ஷினியின் பக்கத்தை விட இரண்டு மாதம் மூத்தது. சூட்கேசில் போன ஏதோ ஒரு பைக்கற்றைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார். ஆனால் அந்த முதல் வருடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

2. மாமியின் கேள்வி

"இந்தத் தூளை முதல்முதல் ஆருக்குக் குடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"என்ரை நாலாம் சடங்குக்கு வந்த ஆக்களுக்கு."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணச் சாப்பாடு மரக்கறி. அது முடிந்து நாலாம் நாள் வரும் நாலாம் சடங்குக்குத்தான் மீன், நண்டு என்று மச்சம் சமைப்போம். தர்ஷினி வீட்டில் அன்று நண்டுக்கறி. புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆளுக்கொரு பைக்கற் தூள், நண்டுப் படம் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். வீடியோவும் எடுத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை அலுவலகத்தில் அதைப் போட்டுப் பார்த்தோம். நாற்பத்தோராவது நிமிடத்தில் கபிலனின் தாயார் இராசமலர் பைக்கற்றைக் கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடிக்கிறார். நண்டும் மூக்குத்தியும் துல்லியமாகத் தெரிகின்றன. அவர் குரலும் துல்லியம்.

"நண்டுக்கு மூக்கு எங்கை கிடக்கு, மூக்குத்தி போட? கலியாண வீட்டிலை குடுக்கிற சாமானே இது?"

சட்டத்தரணி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவர் செய்கிற வேலை அது.

ஆனால் கமராவில் யாரும் தேதி சரிசெய்யவில்லை. திரையின் மூலையில் இருபது வருடத்துக்கு முந்திய நாள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது தர்ஷினிக்கு ஐந்து வயது. ஆகவே, பைக்கற்றைப் பிடித்திருந்தவரே அது என்ன நாள் என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும் என்றார் ஐயா.

தர்ஷினியின் முகம் வாடிவிட்டது.

"அன்ரி, அந்தப் பேரை வைச்சதே தான்தான் எண்டு மாமி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறா."

3. வெள்ளிக்கிழமை

இராசமலர் வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து நேரே வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் அருச்சனைத் தட்டு. வீடியோவைப் பார்க்க மறுத்து என்னிடம் சொன்னார்.

"நான் அப்பிடிக் கதைக்கேல்லை, தங்கச்சி. உந்தக் கமராக்காரன் ஏதோ வெட்டி ஒட்டிப்போட்டான்."

"மாமி, பேஜ் போனால் எல்லாம் போச்சு" என்றாள் தர்ஷினி.

"அதுக்கு நான் சொல்லாததைச் சொன்னனெண்டு சத்தியம் பண்ணுறதே?"

வேறு வழி தெரியாமல், நான் தட்டச்சு செய்து வைத்திருந்த வரைவை வாசித்தேன். கலியாணப் பதிவுச் சான்றிதழில் இருந்த திங்கட்கிழமையிலிருந்து நாலு நாள் எண்ணி நாளைப் போட்டிருந்தேன். "மேற்படி வெள்ளிக்கிழமையன்று நான் நண்டுக்கறியுடன் மதிய உணவு உட்கொண்ட பின்னர்..."

இராசமலர் எழுந்துவிட்டார்.

"என்ன? வெள்ளிக்கிழமை நான் நண்டு திண்டனானோ?"

"நாலாம் சடங்கு எண்டபடியால், அம்மா..."

"கலியாண நாளையும் சேர்த்தெல்லோ நாலு! இவ்வளவு படிச்சும் உமக்கு எண்ணத் தெரியேல்லையே? அது வியாழன். வியாழன் மத்தியானம் திண்டு, கை கழுவி, வெளிக்கிடேக்கைதான் உவள் அந்த நண்டை என்ரை கையிலை தந்தவள். அப்பத்தான் நான் மூக்கு எங்கை எண்டு கேட்டனான்."

சொன்னது என்ன என்று அவருக்கும் விளங்கிவிட்டது. மெல்லக் கதிரையில் இருந்தார். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு தர்ஷினி. ஐயாவுக்குக் கண்ணாடி துடைக்கவும் நேரம் கிடைக்கவில்லை.

"சரி, எழுதுங்கோ. ஆனா, பிறகு வீட்டை போய்க் காய்ச்சிப் பாத்திட்டு நல்ல தூள் எண்டு சொன்னனான். அதையும் போடுங்கோ."

"அது வீடியோவிலை இல்லையே, அம்மா."

"என்ரை குசினிக்கையும் கமராக்காரன் வரவேணுமோ?"

சத்தியக் கடதாசியின் ஆறாவது பந்தியாக அதையும் சேர்த்தேன். வியாழன் என்று திருத்தினேன். ஐயா முன்னிலையில் இராசமலர் கையெழுத்திட்டார். நண்டுக்கு மூக்கு எங்கே என்ற கேள்வியை ஆங்கிலத்துக்கு மாற்றி, வீடியோத் துண்டுடனும் பதிவுச் சான்றிதழுடனும் அன்று மாலை நாலே காலுக்கு அனுப்பினேன்.

அடுத்த வியாழக்கிழமை பக்கம் திரும்பி வந்தது. அதே வாரம் வர்த்தகக் குறிப் பதிவுக்கும் விண்ணப்பித்தோம். படிவத்தில் கையெழுத்திட வந்த தர்ஷினியோடு மாமியும் வந்திருந்தார், இம்முறை எண்ணிக்கையைத் தானே சரிபார்ப்பதற்கு.

4. இளையவர்களுக்கு

ஒரு பெயரோ படமோ உண்டாக்கினால், பக்கம் திறக்க முன் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். முதல் பைக்கற்றைப் படமெடுங்கள். அதற்கு முன் கமராவின் தேதியைப் பாருங்கள். சொந்தக்காரருக்கும் பில் எழுதுங்கள்.

இன்னொன்று. முதல் நாளில் உங்கள் குறியைப் பாராட்டியவர்களை உங்களுக்கு எப்படியும் ஞாபகம் இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர் யார், என்ன சொன்னார், என்ன கிழமை என்பதை எழுதி வையுங்கள். நாலை எங்கிருந்து எண்ணுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.