வாயைக் கட்டும் என்று கேட்டேன்

என் கணவர் லாரன்ஸ் வாயைத் திறந்தால் கூவம் தோற்றுவிடும். கோடம்பாக்கத்தில் சினிமா கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவர். மந்தைவெளியில் எங்கள் வாசலில் யாராவது பைக்கை நிறுத்தினால் போதும், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். கொசு, கரண்ட் கட், அறுந்த செருப்பு, எதற்கும் விலக்கில்லை. பேமானி, சோமாறி எல்லாம் எங்கள் வீட்டில் செல்லப் பெயர்கள். மற்றவற்றை இங்கே எழுத முடியாது. பூசைக்குப் போகும்போதும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்து, கோயில் வாசலில் சிலுவை போட்டுக்கொள்வார்.

சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. "நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?" என்பார். போன தவக்காலத்தில் எல்லோரும் கறியை விட்டார்கள். நான் மாதாவுக்கு நவநாள் வைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். "தாயே, உம் மகனிடம் சொல்லி இவர் வாயைக் கட்டும்."

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒரு காலை, கொதிக்கக் கொதிக்கக் காபி அவர் தொடையில் கொட்டியது. டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு, அடுத்து வரப்போகும் அர்ச்சனைக்காக அடுப்படியில் காத்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கவாதம். "நல்லவேளை, சீக்கிரம் கொண்டாந்துட்டீங்க. எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். "திட்டு வரலை டாக்டர்" என்றேன்.

உயிர் பிழைத்தார். கை, கால் மெல்லத் தேறின. பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பசு, பூ, குடை என்று படம் படமாகக் காட்டினாள். வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். கண்ணில் நீர் வழியும். வாசலில் எவனோ பைக்கை நிறுத்திவிட்டுப் போனான். வீடு அமைதியாகவே இருந்தது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. "கொஞ்சம் குறைக்கத்தானே ஆண்டவரே சொன்னேன்? இப்படியா அடியோடு பிடுங்குவீர்?" என்று சண்டை போட்டேன். "ஒரே ஒரு வார்த்தை கொடும். எதுவானாலும் சரி."

அந்த வாரமே கோயிலின் அன்பியக் குழுவைச் சேர்ந்த அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில் செபமாலை சொல்ல வந்தார்கள். பிலோமினா அக்கா மன்றாட்டை நீட்டு நீட்டென்று நீட்டி முடித்தார். பிறகு நாற்காலியை இழுத்து, சரியாக என் கணவரின் கால் விரல்மேல் போட்டு உட்கார்ந்தார்.

வந்தது வார்த்தை. முழுசாக, தெளிவாக, அக்காவின் அம்மாவையும் சேர்த்து.

எல்லோரும் விறைத்துப்போனார்கள். நான் மட்டும் "இயேசுவே உமக்கு நன்றி!" என்று கத்தி, அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இன்னொரு வாட்டி சொல்லுங்க!" சொன்னார்.

மறுநாள் பயிற்சிப் பெண் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பேச்சு போனவங்க நெறைய பேருக்கு இதுதான் ஆன்ட்டி மொதல்ல வரும். கெட்ட வார்த்தை, பாட்டு, செபம். வாய்க்குப் பழகினதாச்சே." அன்று மாலையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லத் தொடங்கினேன். கடைசியில் ஆமென் அவரிடமிருந்து வந்தது.

அப்புறம் தண்ணி வந்தது, காபி வந்தது. என் பெயர்தான் ரொம்ப நாள் வரவில்லை. போன ஞாயிறு கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து குரல். "ஸ்டெல்லா... சோமாறி... வா." அப்படியே நின்று அழுதேன்.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். ஆண்டவர் தருவார். எப்படித் தரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இதோ, வாசலில் யாரோ பைக்கை நிறுத்துகிறார்கள். இவர் எழுந்து ஜன்னலுக்குப் போகிறார். ஆண்டவருக்கு நன்றி. நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.