நாலு சில்லுக்கும் மிதித்தது யார்?

நம்பாதவர்கள் சாய்ந்தமருதுக்கு வந்து ஜவுபர் காக்காவிடமே கேட்கலாம். கதை கட்டுகிற ஆள் இல்லை அவர், கதைக்கிறதே குறைவு. இது மையவாடியில் புதைகுழிகளுக்கு நடுவிலோ நடுச்சாமத்திலோ நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில், அவருடைய சொந்த வீட்டு வளவில் நடந்தது.

ஜவுபருக்கு மூன்று ஆண்பிள்ளைகள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டோடு போய்விடுவான். மூவரும் போய்விட்டார்கள். மனைவி ஹப்ஸா போன நோன்புக்கு முதல் மௌத்தானார். அதற்குப் பிறகு வீட்டில் அவரும் முப்பது வருசத்துப் பழைய காரும்தான். பகல் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பின்னேரம் கடையில் பாண் கேட்கும்போது அவருடைய குரல் அவருக்கே புதிதாக இருக்கும். தனிமை மனிதனை அப்படித்தான் தின்னும்.

அந்தச் சனிக்கிழமை மருதமுனையிலிருந்து பேரப்பிள்ளைகள் இருவரும் வந்து இரண்டு நாள் தங்குவதாக இருந்தது. போய் ஏற்றி வருவது ஜவுபரின் வேலை. ஆனால் முந்திய கிழமை பிரேக் பிடிக்காமல் அந்தக் கார் ஓர் ஓட்டோவில் மோதப் பார்த்ததை மருமகள் பஸ்மிலா கண்ணால் கண்டவள். கறாராகச் சொல்லிவிட்டாள்.

“பிரேக்கச் செய்யாம புள்ளைகள ஏத்த வராதீங்க மாமா.”

கராஜுக்குக் கொடுத்திருக்கலாம். காலமெல்லாம் லொறி ஓட்டியவருக்கு அது மானப் பிரச்சினை. மாஸ்டர் சிலிண்டரும் சில்லுகளுக்கான சாமான்களும் வாங்கி வந்து, வெள்ளி காலையிலேயே வளவில் தொடங்கிவிட்டார். பழையது கழன்றது, புதியது ஏறியது. கடைசியாகப் பூட்ட வேண்டிய சின்னப் பின் கையில் இருக்கும்போதுதான் பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னது.

பதறி எழும்பினார். பின்னை இறுக்கிப் பிடித்தபடியே ஓடி, கைகால் கழுவி, வெள்ளைச் சட்டையைப் போட்டு, அதைச் சட்டைப்பையில் போட்டார். வாசல் படலை வரை போய்த் திரும்பிப் பார்த்தால்... பின்பக்கச் சில்லில் பிரேக் ஒயில் சொட்டுகிறது. இப்படியே விட்டுப் போனால் குழாயில் காற்று ஏறும். நாளைக்குப் பிள்ளைகள் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு மறுபடி காருக்கு அடியில் புகுந்தார்.

இனிக் காற்று எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் சீட்டில் இருந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே கிடந்து சில்லின் நிப்பிளைத் திறந்தால் ஒயிலோடு காற்றும் வெளியே வரும். இத்தனை வருசமும் மிதித்தது ஹப்ஸாதான். தன் சத்தம் ரோட்டுக்குக் கேட்கக் கூடாதென்று வாய் திறக்க மாட்டார். மிதித்ததும் மோதிரத்தால் கதவு இரும்பில் இரண்டு தட்டு. டக்... டக்... அவ்வளவுதான்.

ரோட்டில் ஒரு ஆண்பிள்ளை இல்லை. ஜும்ஆவுக்கு எப்போதும் பிந்திப் போகிற ஆள் பக்கத்து வீட்டு றாஸிக். மதில் பக்கம் பார்த்துக் கத்தினார்.

“றாஸிக்! போகலையெண்டா ஒருக்கா வந்து மிதிச்சுத் தா!”

கொஞ்ச நேரத்தில் படலைக் கொளுக்கி விழுகிற சத்தம் கேட்டது. சோலி முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

“மிதி!”

நிப்பிளைத் திறந்தார். ஒயில் குமிழி குமிழியாகப் பாய்ந்தது. பூட்டினார். “விடு!” மறுபடி “மிதி!” நல்ல கால். ஒருமுறைகூடப் பிசகவில்லை. நடுவில் எழும்பி ஒயில் ஊற்றினார். திறந்திருந்த பொனட் உள்ளே இருப்பவரை மறைத்தது.

இரண்டாம் சில்லு. “மிதி!”

டக்... டக்...

சிரிப்பு வந்தது. றாஸிக்குக்கும் இந்தப் பழக்கமா? ஆனால் சத்தம் மேலே கதவிலிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்துக் குழாயில் கேட்டது. இரும்பு வழியே சத்தம் ஓடி வரும்தானே...

மூன்றாம் சில்லு. அவர் “மிதி” என்று சொல்லவே இல்லை.

டக்... டக்...

ஒயில் பாய்ந்தது. அந்த வெயிலிலும் கழுத்துப் பக்கம் குளிர்ந்தது.

நாலாவது சில்லு. பள்ளியில் தொழுகை முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் யாரோ அறிவித்தல் சொன்னார்கள்.

தெரிந்த குரல்...

றாஸிக்கின் குரல்.

நிப்பிள் திறந்தபடி இருந்தது.

ஒயில் பாய்ந்துகொண்டே இருந்தது.

“ஹப்ஸா...?”

டக்... டக்...

நிப்பிளைக் கை தானாகப் பூட்டியது. எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. சீட்டில் யாரும் இல்லை.

றாஸிக் வரும்போது ஜவுபர் வாசற்படியில் வெளிறிப்போய் இருந்தார். விசயத்தைக் கேட்டு றாஸிக் சிரித்தார்.

“நான் பள்ளியிலதானே காக்கா நிண்ட. வெயில் ஏறிட்டு உங்களுக்கு. ஒயில் தானா வடிஞ்சிருக்கும்.”

“வடியிற ஒயில் சொன்ன நேரத்துக்குப் பாயுமா?”

றாஸிக் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். சிரிப்பு நின்றது.

“காக்கா... இது சும்மா ஆடுது.”

ஜவுபர் டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்க்கிற பின், இருக்க வேண்டிய ஓட்டையில் இல்லை. அது ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையின் பையில் கிடந்தது. அது இல்லாமல் யார் மிதித்தாலும் ஒரு சொட்டு ஒயில் அசையாது.

பின்னைப் பூட்டினார்கள். றாஸிக் மறுபடி மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது. நாலு சில்லிலும் பொட்டுக் காற்று இல்லை.

அப்போதுதான் ஜவுபருக்கு விளங்கியது. மிதிக்க யாரும் சீட்டில் ஏறவே இல்லை. தட்டுச் சத்தம் கேட்டது காதுக்குப் பக்கத்தில். வந்த ஆள் காருக்கு அடியில், அவருக்குப் பக்கத்தில்தான் கிடந்திருக்கிறது.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். வீடு இரண்டு நாள் சத்தமாக இருந்தது. பிறகு போய்விட்டார்கள்.

இப்போதும் சில பின்னேரங்களில் றாஸிக் மதிலால் எட்டிப் பார்த்தால் ஜவுபரின் கால்கள் காருக்கு அடியிலிருந்து நீண்டிருக்கும். பக்கத்தில் நட்டுக் கழற்றுகிற ஒரு சாவிகூட இருக்காது. காரில் ஒரு பழுதும் இல்லை.

றாஸிக் இப்போது எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். கடைசியாகப் பார்த்த அன்று ஜவுபர் இரண்டு கையையும் நெஞ்சில் கட்டியபடி கண்மூடிக் கிடந்தார். றாஸிக் திரும்பி நடக்கத் தொடங்கியபோது அவருக்கும் கேட்டது...

டக்... டக்...