கரித்தூளுக்கு நான் எழுதி அழித்தவை

கரித்தூள் இறந்த செய்தி எங்கள் அரட்டைக் குழுவுக்கு ஒரு மத்தியானம் வந்தது. அவருடைய கணக்கிலிருந்தே வந்தது. "இது கோவிந்தராசு மகள் எழுதுறேன். அப்பா தவறிட்டாங்க. நெஞ்சுவலி. நேத்தே எடுத்தாச்சு. குரூப்ல உள்ளவங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு." படித்ததும் நான் தட்டிய பதில் ஒரே சொல்: "ப்ரூஃப்?"

எங்கள் குழுவின் சட்டம் அது. யார் எதைச் சொன்னாலும் முதலில் ஆதாரம். ஆதாரம் இல்லாவிட்டால் கேலி. சட்டத்தைப் போட்டவன் நான். கோவிந்தராசு என்ற பெயரே எங்களில் ஒருவருக்கும் தெரியாது; கரித்தூள் என்ற கணக்குப் பெயர்தான் தெரியும். ஊகத்தில் தோற்ற பையன் நாடகம் போட்டுத் தப்பப் பார்க்கிறான் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் ஒரு படம் வந்தது. விழிதியூரில் ஏதோ ஒரு சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, நரைத்த மீசை, நெற்றியில் திருநீறு. வயது ஐம்பத்து நான்கு. என் அப்பாவைவிட ஒரு வயது அதிகம். பசை காயாத ஓரம் காற்றில் மடங்கியிருக்க வேண்டும். அந்தப் பெண் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் படம் எடுத்திருக்கிறாள். படத்தின் மூலையில் அவள் விரல்கள் தெரிந்தன.

அந்த மனிதரை ஐந்து வருடமாக வாடா போடா என்று எழுதியிருக்கிறேன்.

இந்த நினைவு மலரில் இதைப் படிப்பவர்களில் சிலர் கீழவாஞ்சூர் துறைமுகத்து எடைமேடையில் கோவிந்தராசு அண்ணனோடு வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு முகம் தெரியும், கரித்தூளைத் தெரியாது. எங்களுக்குக் கரித்தூளைத் தெரியும், முகம் தெரியாது. ஆகவே துறைமுகத்துக்காரர்களுக்கு ஒரு விளக்கம். நாங்கள் ஆடுவது இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு. பல நிறுவனங்களின் வெவ்வேறு விளையாட்டுகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ஒரே களத்தில் மோதவிடுவதுதான் அதன் விசேஷம். வருடத்துக்கு நான்கைந்து பேரைப் புதிதாக விருந்தாளிகளாகச் சேர்ப்பார்கள். யாரைச் சேர்க்கப் போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொல்லும்வரை நாங்கள் ஊகிப்போம். ஆட்டத்தைவிட ஊகத்துக்குத்தான் குழுவில் கூட்டம் அதிகம். நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். விளையாட்டுக்குப் புதுப்பிப்பு வந்தால் அதன் கோப்புகளைப் பிரித்துப் பார்ப்பேன். பெயரில் பாதியோ, ஒரு குரல் பதிவோ, ஏதாவது சிக்கும். நான் சொன்னால் பெரும்பாலும் நடக்கும். கரித்தூள் சொன்னால் பெரும்பாலும் நடக்காது.

சுவரொட்டியைப் பார்த்த அன்று நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கை பழகியது வேறு வேலை. குழுவின் நிர்வாகி நான்தான். பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் எழுதி, கரித்தூள் பெயர் வந்த, கரித்தூள் பதில் சொன்ன என் பதிவுகள் அத்தனையையும் தேடி அழித்தேன். கேலி, ஏச்சு, ப்ரூஃப் எங்கே, எல்லாம் போயிற்று. எழுத ஆன நேரம்கூட ஓட ஆகவில்லை. சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் கூசுகிறது.

வீட்டுக்குப் போகலாம் என்று கிளப்பியவன் குழுவில் இன்னொருவனான ஹாஜா.

"யாருன்னு சொல்லிட்டுடா போறது? நம்மள யாரு கூப்பிட்டா?" என்றேன்.

"கல்யாணத்துக்குத்தான்டா பத்திரிகை. மௌத்து வீட்டுக்கு எவன் பாக்கு வெப்பான்? ஏறுடா வண்டியில."

பந்தல் பிரிக்காமல் இருந்தது. நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவைத்திருந்தார்கள். அவர் மனைவி எங்களைப் பார்த்து எழுந்து, "வாங்க தம்பி, ஹார்பர்லேருந்தா?" என்றார். "இல்லம்மா, அண்ணனோட கேம் ஆடுவோம்" என்றான் ஹாஜா. அண்ணன் என்ற சொல்லுக்கு முன்னால் அவன் ஒரு கணம் தடுமாறினான். மகள் இலக்கியா உள்ளேயிருந்து வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ப்ரூஃப் கேட்டது யாரு?"

"நான்தாங்க."

"நெனச்சேன். அப்பா சொல்லுவாங்க. 'ஒரு இன்ஜினியர் பய இருக்கான், திருநள்ளாத்து சனீஸ்வரனே நேர்ல வந்தாலும் ஐடி கார்டு கேப்பான்'னு."

அம்மா சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹாஜா தரையைப் பார்த்தான். நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை எடுத்தேன். இலக்கியா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத விடுங்க. அழிச்சீங்களே, ஏன்?"

கைபேசியை நீட்டினார். "அப்பா வீட்ல அதிகம் பேச மாட்டாங்க. சாப்பிட்டியா, படிச்சியா, அவ்வளவுதான். வாயாடினதெல்லாம் இங்கதான் போலருக்கு. காரியம் முடியறதுக்குள்ள மொதல்லேருந்து படிச்சிடணும்னு ஆரம்பிச்சேன். பாதியில பாக்குறேன், இன்னொரு ஆளையே காணோம். இப்பப் பாருங்க, அப்பா தனியா நின்னு பேசிக்கிட்டிருக்காங்க."

பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக அவருடைய பதில்கள் மட்டும். ஒரு மனிதர் சுவரைப் பார்த்துச் சிரித்து, சுவரோடு மல்லுக்கட்டுகிற மாதிரி இருந்தது.

"எல்லாம் வைஞ்சு எழுதுனதுங்க. நீங்க படிக்கிற மாதிரி இல்ல" என்றேன்.

"அதுதான தம்பி அவங்களுக்கு வேணும்" என்றார் அம்மா. "வாடா போடான்னு கூப்பிட அவங்க அண்ணன் ஒருத்தங்க இருந்தாங்க. அவங்களும் போனப்பறம் ஊரே வாங்க போங்கதான். சலிச்சுக்குவாங்க."

"நான் மைக் வாங்கிக் குடுத்தேன். பிரிக்கவே இல்ல" என்றார் இலக்கியா. "குரலக் கேட்டுட்டா பயலுவ சார்னு ஆரம்பிச்சிடுவானுவன்னு."

அழித்தவற்றைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. மீளாதபடி அழிக்கத்தான் நிரலை எழுதியிருந்தேன். நினைவில் இருப்பதை எழுதித் தருகிறேன் என்று அந்த வாசலில் சொல்லிவிட்டு வந்தேன். இது அதுதான். இலக்கியா, உங்கள் அப்பாவின் பதில்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே இருந்தவை இவை.

லாரிகளிலிருந்து தொடங்குகிறேன். 'ரெண்டு லாரி நிக்குது, அனுப்பிட்டு வந்து ஒன்ன கவனிக்கிறேன்' என்று அவர் பல இடங்களில் எழுதியிருப்பார். லாரி ஓட்டுகிற விளையாட்டு ஏதோ ஒன்றையும் சேர்த்து ஆடுகிறான் என்று நாங்கள் நம்பினோம். நான் கேட்டது: "எந்த கேம்டா அது? கிராபிக்ஸ் எப்படி?" அதற்குத்தான் 'கிராபிக்ஸ் பிரமாதம்டா. தூசிதான் ஜாஸ்தி' என்ற பதில். நிலக்கரி லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அதைத் தட்டியிருக்கிறார். பெயரையே கரித்தூள் என்று வைத்துக்கொண்டவரிடம் எனக்கு அது உறைக்கவில்லை.

'விருந்தாளிய பலம் பாத்தா கூப்பிடுறோம்' என்று ஒரு பதில் இருக்கும். அது முதல் வருடம். வரக்கூடியவர்கள் என்று நான் ஒரு பட்டியல் போட்டேன். கடைசிப் பெயர் வேடிக்கைக்காகச் சேர்த்தது: யாரும் சீந்தாத ஒரு கார்ப் பந்தய விளையாட்டில் ஓரமாக நின்று டயர் மாற்றும் மெக்கானிக் பெண். கரித்தூள், 'கடசியா இருக்குற பொண்ணுதான்டா வரும்' என்றார். நான் எழுதியது: "லூசாடா நீ? அவளுக்குச் சண்டையே தெரியாது. அந்த கேமை வாங்கினவனைத் தேடித்தான் பிடிக்கணும்." அதற்கு அவர் எழுதியது இது: 'விருந்தாளிய பலம் பாத்தா கூப்பிடுறோம்? உறவு பாத்துல்ல கூப்பிடுறோம். அந்த வீட்ல பாட்டு போட்டவன்தான் இந்த வீட்லயும் பாட்டு போட்டுருக்கான். பொண்ணெடுத்த வீடு. விட்டா கோவிச்சுப்பாங்க.'

அவருடைய ஆராய்ச்சி முறையே அதுதான். நிறுவனங்களை எல்லாம் பங்காளி வீடுகளாகவும் சம்பந்தி வீடுகளாகவும் பார்ப்பார். எந்த நிறுவனத்துக்கும் எந்த நிறுவனத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யாரைத் தனியாகப் போய் அழைத்தால்தான் வருவார்கள், யார் அழைக்காமல் விட்டதற்காகப் பத்து வருடமாக முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் பத்தி பத்தியாக எழுதுவார். "இது அனாலிசிஸ் இல்ல, ஊர் வம்பு" என்று நான் எழுதினேன். 'ஊர் வம்புல உண்மை இல்லன்னு எவன்டா சொன்னான்' என்பது அதற்கான பதில். மெக்கானிக் பெண் அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. நாங்கள் மறந்துவிட்டோம்.

ஒரே ஒரு முறை அவர் சொன்னது உடனே நடந்தது. அகப்பையோடு சண்டை போடும் கப்பல் சமையல்காரி ஒருத்தி வருவாள் என்றார். அந்த முறை என் கோப்புகளில் எதுவும் சிக்கியிருக்கவில்லை. வந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. ரொம்ப ஆடாதடா" என்று எழுதினேன். இதை நான் ஒருபோதும் மறக்கப் போவதில்லை, ஏனென்றால் பதில் அப்படி: 'விழட்டுமேடா. நீ மரத்துல ஏறி எண்ணிட்டு வந்து சொல்ற. நான் கீழ நிக்கிறேன். தலையில விழுந்தா எனக்குல்ல சந்தோசம்.'

பிறகு லாந்தர் கிழவன். காசு போட்டு ஆடும் பெட்டிகளின் காலத்து விளையாட்டு ஒன்றில் வரும் கலங்கரை விளக்கக் காவலாளி. கையில் லாந்தரைத் தவிர ஆயுதம் கிடையாது. முதல் கட்டத்திலேயே எல்லோரிடமும் தோற்பான். வருடா வருடம் கரித்தூள் தன் பட்டியலை அவன் பெயரில்தான் முடிப்பார். நான் எழுதியது: "அந்தக் கம்பெனியே செத்துப்போச்சுடா. யாரு அழைப்பா, யாரு வருவா? ஆதாரம் ஒண்ணு காட்டு, மீசைய எடுத்துக்கிறேன்." பதில்: 'ஆதாரம் இருந்தா அது செய்திடா, ஊகம் இல்ல. செய்தி சொல்ல நீ இருக்க.' அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஹாஜா கேட்டதற்கு மட்டும் கேலி இல்லாமல் எழுதியிருந்தார்: 'எவ்வளவு அடி வாங்குனாலும் வெளக்கக் கீழ வைக்க மாட்டான் தம்பி.' எங்களில் ஒருவனைத் தம்பி என்று அவர் அழைத்தது அந்த ஒரு இடத்தில்தான். அப்போதாவது நாங்கள் யோசித்திருக்கலாம்.

இனிமேல் எழுதப்போவதை அழிக்கும் முன்பே நீங்கள் படித்திருப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொன்னேன்.

இந்த வருடத்து விருந்தாளி என்று நிறுவனம் ஒரு நிழலுருவப் படத்தை வெளியிட்டது. யாரோ நிற்கிறார்கள், கையில் வட்டமான ஒரு வெளிச்சம். அன்று சாயங்காலம் கரித்தூள் எழுதினார்: 'வந்துட்டான்டா! அழைப்பு போயிடுச்சுடா!' அவர் எங்களுக்கு எழுதிய கடைசி வரி அது. மறுநாள் புதுப்பிப்பு வந்தது. பிரித்தேன். உள்ளே எஞ்சின் சத்தமும் ஒரு ஸ்பேனரின் பெயரும் இருந்தன. கையில் இருந்தது லாந்தர் அல்ல, கழற்றிய கார் முன்விளக்கு. உடனே எழுதினேன். "கரித்தூள், உன் லாந்தர் கிழவனுக்குக் கொள்ளி வெச்சாச்சு. பாலூத்த வாடா." பதில் இல்லை. அடுத்த நாள் காலையில், "எங்கடா ஓடிட்ட?" அன்று மத்தியானம்தான் நீங்கள் எழுதினீர்கள். நேத்தே எடுத்தாச்சு என்று நீங்கள் சொன்ன அந்த நேற்றுதான் நான் கொள்ளி என்று எழுதிய நாள்.

இதற்குச் சமாதானம் ஒன்றும் என்னிடம் இல்லை. தெரியாமல் எழுதினேன் என்பது உண்மை. தெரிந்துகொள்ள ஐந்து வருடம் இருந்தது என்பதும் உண்மை.

போன வாரம் நிறுவனம் முறைப்படி அறிவித்தது. மெக்கானிக் பெண்தான். கோப்பைப் பிரித்து முன்பே சொன்னவன் என்று குழுவில் எனக்கு வாழ்த்துகள் குவிந்தன. இந்தக் கட்டுரைக்காக முதல் வருடத்துக் கேலியை அதற்கு முன்பே நினைவிலிருந்து எழுதி வைத்திருந்தேன். அவர் சொன்ன பெண்தான் இவள் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்திருந்தது. "இது என்னோடது இல்ல. கரித்தூள் முதல் வருஷமே சொன்னது" என்று எழுதினேன். உடனே ஒருவன் கேட்டான்: "எப்ப? ப்ரூஃப்?" தேடினேன். 'கடசியா இருக்குற பொண்ணுதான்டா வரும்' என்ற அவர் வரி அப்படியே இருக்கிறது. எந்தப் பட்டியலின் கடைசி, எந்தப் பெண் என்று சொல்லும் பதிவு என்னுடையது. அதை நான் அழித்துவிட்டேன். அவர் ஜெயித்த ஆட்டத்துக்கு இருந்த ஒரே ஆதாரத்தையும் ஆதாரம் கேட்டே பழகியவன் துடைத்துவிட்டான். "இல்ல. நான் அழிச்சிட்டேன்" என்று எழுதினேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

குழுவில் சிலர் பழைய பதிவுகளுக்கெல்லாம் 'ஐயா' சேர்த்து அஞ்சலி எழுத ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே நான் அவர் என்று எழுதுவது அச்சுக்காகவும் அம்மாவுக்காகவும். குழுவில் அவர் கரித்தூள்தான், வாடா போடாதான். பிரிக்காத அந்த மைக்கைப் பிரிக்க நமக்கு உரிமை இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். கையில் ஒன்றுமில்லாமல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு நிற்பது. எனக்கு அது வராத வேலை; பழகுகிறேன். அடுத்த வருடத்துக்கான என் பட்டியலை நேற்றுக் குழுவில் போட்டேன். கோப்பு எதையும் பிரிக்கவில்லை. பட்டியலில் ஒரே பெயர்: லாந்தர் கிழவன்.

முதல் பதில் ஹாஜாவிடமிருந்து வந்தது.

"லூசாடா நீ?"